‘உடன் வந்தவர்: மகள்’ – மறதிநோய் உள்ள தந்தையைப் பார்த்துக்கொண்ட ஒருவர் குறித்த நிகழ்வு ஆய்வு

முதியோர் மறதிநோய்ப் பிரிவு ஒன்றில் நான் சமூகப் பணியாளர். மறதிநோய் வந்த தந்தையைத் தனியாகப் பார்த்துக்கொண்ட மகள் ஒருவரோடு எங்கள் குழு ஒன்றேகால் ஆண்டு வேலை செய்தது. அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தவறுகளை மட்டும் மாற்றவில்லை.

பின்னணி

தந்தைக்கு வயது 78. நான்கு ஆண்டுகளுக்கு முன் மறதிநோய் உறுதியானது. அல்சைமரும் மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்த வகை. இதயம் கொஞ்சம் பலவீனம், கால் வீக்கம். அதற்கு நீர் மாத்திரை, ஞாபகத்துக்கு டோனெபெசில்.

மகளுக்கு 52. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். அப்பா முதல் முறை வழி தெரியாமல் தொலைந்துபோன வாரத்தில் நீண்ட விடுப்பு எடுத்தார். விடுப்பு முடிந்தபோது வேலையை விட்டார். அண்ணன் வேறு ஊரில். தங்கை அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். வேலைக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். ‘இனி இவர்தான் பார்த்துக்கொள்வார்’ என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. யார் ஏற்கெனவே வீட்டில் இருந்தாரோ அவர் தலையில் அது தானாக வந்து இறங்கிவிட்டது. பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. மறதிநோய் உள்ளவர்களைப் பார்க்கும் குடும்பத்தினர் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேரம் அதற்குச் செலவிடுகிறார்கள், அந்த மொத்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்த மகளிடம் 5 மணி நேரம் என்று சொன்னால் சிரிப்பார்.

எங்கள் பிரிவுக்கு அப்பாவை அவர் ஏழு முறை அழைத்து வந்திருந்தார். பிறகு அந்தக் கோப்பை எடுத்துப் படித்தேன். அப்பாவின் எடை, ரத்த அழுத்தம், ஞாபகச் சோதனையின் மதிப்பெண், மாற்றிய மாத்திரை என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. மகளைப் பற்றி ஏழு தாளிலும் ஒரே வரி: ‘உடன் வந்தவர்: மகள்’. பெயர்கூட இல்லை.

எட்டாவது வருகையில் பார்த்தவை

அன்று காத்திருக்கும் இடத்தில் மகள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அப்பா எழுந்து லிஃப்ட் வரை போய்விட்டார். பணியாளர் ஒருவர் பிடித்துக் கொண்டுவந்து, “கூட வந்தவங்க கவனமா இருக்க வேண்டாமா?” என்று கடிந்துகொண்டார். என்னை அழைத்தது இந்தச் சம்பவத்துக்காக. மகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டு அழைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாற்பது நிமிடம் பேசினோம். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார், அப்பா தெரியும்படி. என்னைப் பார்த்துப் பேசிய நேரம் மிகக் குறைவு. “உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டதற்கு அப்பாவின் கஷ்டத்தைச் சொன்னார். கையில் ஒரு நோட்டு. அப்பா குடித்த தண்ணீர், போன சிறுநீர், மலம், தூங்கிய நேரம் எல்லாம் கணக்குப் பிரிவில் இருந்தவரின் கையெழுத்தில் பத்தி பத்தியாக.

கேள்வியை மாற்றினேன். “நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?” என்றேன். பதில் சொல்லாமல் போனைத் திறந்து காட்டினார். அலாரங்கள்: 11.30, 1.15, 3.00, 4.30. ஆறு மாதத்துக்கு முன் இரவில் கழிவறைக்குப் போகும்போது அப்பா விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் எழுவதற்கு முன்பே இவர் எழுந்துவிடுகிறார். “அவர் எழுந்தப்புறம் நான் எழுந்தா லேட்டு” என்றார்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் கேள்வித்தாளைப் பயன்படுத்தினோம். 1980இல் ஸ்டீவன் ஸாரிட்டும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது. இப்போது பெரிதும் புழங்கும் வடிவத்தில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. இவருக்கு 57 வந்தது. 41 முதல் 60 வரை ‘மிதமானது முதல் கடுமையானது’ என்று கொள்வது வழக்கம். மொத்தத்தைவிட ஒரு பதில் என்னை அதிகம் உறுத்தியது. அவருக்காக இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்ற கேள்விக்கு ‘எப்போதும்’ என்று 4 போட்டிருந்தார். இரவில் நான்கு முறை எழுபவர் போட்ட பதில் அது.

நர்ஸ் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து முடித்த கையோடு, “அக்கா, பட்டை கையிலயே இருக்கு, உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்” என்றார். 168/102. ஓராண்டுக்கு முன்பே இவருக்கு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த அட்டை கைப்பையிலேயே இருந்தது, பாதிக்கு மேல் பிரிக்காமல். அப்பாவின் மாத்திரை ஒன்றுகூடத் தவறியதில்லை.

முதல் முடிவு: பகல் நேர உதவியாளர்

குழுவில் எல்லோருக்கும் சட்டென்று தோன்றியது ‘இவருக்கு ஓய்வு வேண்டும்’ என்பதுதான். தன்னார்வ அமைப்பு ஒன்றின் மூலம் வாரம் மூன்று நாள், பகலில் நான்கு மணி நேரம் ஓர் உதவியாளரை ஏற்பாடு செய்தோம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்தோம். 56.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது. உதவியாளர் அப்பாவோடு கூடத்தில் இருந்தார். மகள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார், கதவைச் சாத்தாமல். அப்பாவின் குரல் கொஞ்சம் மாறினாலும் கை நின்றது. உதவியாளர் ‘மாத்திரை எங்கே, துண்டு எங்கே’ என்று மணிக்கு நாலு தடவை கூப்பிட்டார். வேலை கைமாறியிருந்தது, காவல் கைமாறவில்லை. அவரை அரித்துக்கொண்டிருந்தது அந்தக் காவல்தான்.

நாங்கள் இதை முன்பே யோசித்திருக்கலாம். பராமரிப்பவருக்குச் சற்று ஓய்வு கிடைக்க வேறொருவர் பார்த்துக்கொள்ளும் இடைவேளைப் பராமரிப்பு மறதிநோயில் எவ்வளவு உதவுகிறது என்பது பற்றி 2014இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது. சேர்க்கத் தகுதியான சோதனைகளாக அது 4ஐத்தான் கண்டது. பராமரிப்பவருக்குத் தெளிவான பலன் எதுவும் அவற்றில் தெரியவில்லை. இடைவேளையே வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆய்வுகள் சிறியவை, தரமும் குறைவு. ஆனால் ஆள் அனுப்பினால் சுமை குறையும் என்று நாங்களாக எண்ணிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த உதவியாளரால் நிம்மதி அடைந்தது எங்கள் குழுதான்.

அதே காலத்தில் இன்னொரு தவறும் நடந்தது. மகள் தன் மாத்திரையைச் சாப்பிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எங்கள் குழுவினர் ஒருவர், பராமரிப்பவர்கள் சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம் என்று அவரிடம் சொல்லிவிட்டார். அந்த எண் பொய் இல்லை. 1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட ஆய்வில் வந்தது. ஆனால் அது 66 வயதுக்கு மேல், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டவர்களில், அதனால் அழுத்தத்துக்கு ஆளானதாகச் சொன்னவர்களுக்கு மட்டும், நான்கு ஆண்டு காலத்தில் கிடைத்த கணக்கு. 2013இல் டேவிட் ராத் குழு 3,503 பராமரிப்பாளர்களை அதே அளவு மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, பராமரிப்பவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. பார்த்துக்கொள்வது தானாக யாரையும் கொல்வதில்லை. எந்த நிலையில், எவ்வளவு காலம், யார் துணையோடு என்பதைப் பொறுத்தது அது. 52 வயது மகளிடம் அந்த 63ஐத் தூக்கிப் போட்டதில் விளைந்தது இதுதான்: அடுத்த வாரம் வந்து, “நான் போயிட்டா அப்பாவை யார் பார்ப்பாங்க?” என்று கேட்டார். மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. பயம் ஒன்று கூடியதுதான் மிச்சம்.

இரண்டாவது முடிவு: இரவைப் பிரித்துப் பார்ப்பது

பகலை விட்டுவிட்டு இரவுக்குப் போனோம். 2014இல் ஹெலன் கேல்ஸ், லாரா கிட்லின், கான்ஸ்டன்டைன் லைகெட்சாஸ் ஆகியோர் முன்வைத்த ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். என்ன நடக்கிறது என்று விவரிப்பது, ஏன் என்று ஆராய்வது, ஒரு திட்டம் போடுவது, பலித்ததா என்று பார்ப்பது. கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் இரண்டு படியைத் தாண்டிக் குதித்து மாத்திரைக்குப் போவதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

விவரிக்கும் வேலையை மகளின் நோட்டே செய்துவிட்டது. இரவில் ஐந்து, ஆறு முறை சிறுநீர். அதில் பாதிக்கு மேல் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். மருந்துச் சீட்டைப் பார்த்தோம். நீர் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சீட்டில் உள்ளபடி சரியாக இரவு எட்டரைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். போதாததற்கு, பகல் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்போது காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி அதுவும் சிறுநீராகிறது. எட்டு வருகையில் ஒரு முறைகூட, மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

அடுத்து, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். ராத்திரி அப்பா கொஞ்சம் தூங்கட்டும் என்று, சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் பழைய வகை மாத்திரை ஒன்றை இரண்டு மாதமாகக் கொடுத்துவந்திருக்கிறார். அந்த வகை மாத்திரைகள், ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் செய்யும் வேலையைத் தடுக்கும். டோனெபெசில் அதே அசிட்டைல்கோலினைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகிறது. ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. குழப்பம் அதிகமாகும், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமலும் போகலாம். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. தூக்கமில்லாத வீட்டில் கைக்குக் கிடைத்ததைச் செய்திருக்கிறார்.

மருத்துவர் இரண்டாவது நீர் மாத்திரையைப் பிற்பகலுக்கு மாற்றினார், சளி மாத்திரையை நிறுத்தினார். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னோம். கட்டிலிலிருந்து கழிவறை வரை மங்கலான விளக்கு, கட்டிலுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் மகளின் அறையில் ஒலிக்கும் விரிப்பு. மூன்று வாரத்தில் இரவு எழுவது இரண்டு முறையாகக் குறைந்தது.

மகள் மட்டும் நான்கு முறை எழுந்துகொண்டிருந்தார். விரிப்பு ஒலிக்கும் என்று நம்பி அலாரத்தை அணைக்க அவருக்கு இன்னும் ஐந்து வாரம் ஆனது. முதலில் 4.30ஐ அணைத்தார், பிறகு 11.30ஐ. நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாவது முடிவு: குடும்பக் கூட்டம்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழு நடத்திய நீண்ட ஆய்வில் 406 கணவன்மாரும் மனைவிமாரும் இருந்தார்கள். தனியாகவும் குடும்பத்தோடும் சேர்த்து ஆறு ஆலோசனை அமர்வு, ஆதரவுக் குழு, தேவைப்பட்டபோது போன். இந்த உதவி கிடைத்தவர்கள் தங்கள் துணையைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது 557 நாள் தள்ளிப்போனது. இதில் என் கண்ணில் பட்டது குடும்பத்தையும் கூட்டி உட்கார வைத்தார்கள் என்பதுதான். நாங்கள் அதுவரை மகளிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

கூட்டத்துக்கு அண்ணன் வந்தார், தங்கை வந்தார். முதல் அரை மணி நேரம் நன்றாகப் போகவில்லை. அண்ணன், “நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே” என்றார். மகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்லணுமா அண்ணா?” என்றார். நான் எதுவும் பேசாமல் இருந்தேன். அந்த அமைதியை நிரப்பாமல் விட்டதுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். தங்கைதான் உடைத்தார்: “அக்கா செய்யற மாதிரி எனக்கு வராது, அதான் பயம். கூப்பிட்டப்ப எல்லாம் ‘வேணாம், நான் பார்த்துக்கறேன்’னுதான் சொல்லியிருக்கா.” அதுவும் உண்மை.

‘உதவி செய்கிறோம்’ என்ற சொல்லையே அன்று தவிர்த்தோம். உதவி என்றால் பொறுப்பு அக்காவிடமே இருக்கும். அதனால் பகுதி பகுதியாகப் பொறுப்பையே கைமாற்றினோம். மருந்து வாங்கி அனுப்புவது, மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்குவது, வங்கி, காப்பீட்டுத் தாள்கள் எல்லாம் அண்ணன். தூரத்திலிருந்தே செய்யலாம். வெள்ளி, சனி இரவுகள் தங்கை. அந்த இரண்டு இரவும் மகள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, தங்கை வீட்டில்தான் தூங்க வேண்டும். கடைசி நிபந்தனைக்கு அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒரு மாதம் மட்டும் செய்து பார்ப்போம் என்று பேசி முடித்தோம்.

அவருடைய நோட்டை வைத்து ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தோம். என்ன மாத்திரை எப்போது, அப்பா எதற்குக் கோபப்படுவார், கோபப்பட்டால் என்ன பேச்சு எடுக்கலாம், எது நடந்தால் மட்டும் அக்காவை எழுப்ப வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை இரவு மகள் ஒன்பது முறை போன் செய்தார். மூன்றாவது வாரம் தங்கை ஒரு மாத்திரையை மறந்துவிட்டார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே மகள் வந்து நின்றார், இனி இந்த ஏற்பாடு வேண்டாம் என்று. எனக்கு அப்போதே போன் வந்தது. மருத்துவரிடம் கேட்டேன். ஒரு வேளை ஞாபக மாத்திரை தவறினால் ஆபத்தில்லை, அடுத்த வேளைக்கு வழக்கம்போல் கொடுக்கலாம் என்றார். அதை அப்படியே சொல்லிவிட்டு, “தங்கச்சி உங்க மாதிரி பார்த்துக்க மாட்டார். வேற மாதிரி பார்த்துப்பார். அப்பா பத்திரமா இருக்கார் இல்லையா?” என்று கேட்டேன். ஏற்பாடு தப்பியது நூலிழையில்.

இடையில் மகளுக்கு எட்டு வாரம், வாரம் ஓர் அமர்வு நடத்தினோம். பராமரிப்பவர்களுக்குச் சமாளிக்கும் வழிகளைக் கற்றுத்தர, லண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழு 260 பேரிடம் சோதித்த ‘ஸ்டார்ட்’ என்ற திட்டத்தைத் தழுவியது. அதிலும் எட்டு அமர்வுகள்தான், நடத்தியவர்கள் மருத்துவ உளவியலாளர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உளவியல் பட்டதாரிகள். எங்களைப் போல ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களுக்கு இது முக்கியம். அமெரிக்காவில் 642 பேரிடம் செய்த ‘ரீச் 2’ ஆய்விலும் இதே போக்குதான்: வீட்டுக்கே போய், தொலைபேசியிலும் பேசி, ஒவ்வொருவரின் பிரச்சினைக்கும் ஏற்ப உதவினார்கள். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு இருந்தது, உதவி பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 22.7 சதவீதம் பேருக்கு. அறிவுரைத் தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதால் வருவதில்லை இந்த வித்தியாசம்.

தொடர்ந்து நடந்தவை

ஆறாவது மாதத்தில் ஸாரிட் மதிப்பெண் 39. சுமை போய்விடவில்லை, தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது. ரத்த அழுத்தம் 138/86. தன் மாத்திரையை அப்பாவின் மாத்திரைப் பெட்டியிலேயே ஒரு வரிசை ஒதுக்கி வைத்துக்கொண்டார். அதுதான் பலித்தது, எங்கள் எச்சரிக்கைகள் அல்ல. வீட்டிலிருந்தே வாரம் சில மணி நேரம் கணக்கு வேலை பார்க்கத் தொடங்கினார். தங்கை இரண்டு மாதம் வெள்ளிக்கிழமைகளைத் தவறவிட்டார், அப்புறம் சரியானது. அண்ணனின் பங்கு கடைசி வரை பிசகவில்லை.

பதின்மூன்றாவது மாதத்தில் அப்பா நிமோனியாவில் வீட்டிலேயே இறந்தார். ஒரு சனிக்கிழமை இரவு. தங்கையின் முறை. தங்கை எழுப்பி, மகள் வந்து சேர்ந்து, ஒரு மணி நேரம் கூட இருந்திருக்கிறார்.

இறந்த மூன்றாம் வாரம் நானே போன் செய்தேன். இரவு 1.15க்கு இன்னும் விழிப்பு வருகிறது என்றார், அலாரம் இல்லாமலே. பிறகு குரலைத் தாழ்த்தி, “மனசு லேசா இருக்கு, அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு” என்றார். 2003இல் ஷுல்ஸ் குழு, மறதிநோயில் உறவை இழந்த பராமரிப்பாளர்களைக் கேட்டபோது 72 சதவீதம் பேர் அந்த மரணம் தங்களுக்கு ஆறுதலாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அதைச் சொன்னேன். 63ஐ அவரிடம் சொன்ன எங்கள் குழுவிலிருந்தே இந்த எண்ணும் போனது. இதைக் கேட்டு அழுதார்.

அடுத்து அவரைச் சந்திக்க நேரம் ஒதுக்கப் பார்த்தேன். முடியவில்லை. நோயாளி இறந்ததால் கோப்பு மூடப்பட்டிருந்தது. பதின்மூன்று மாதம் அவரைப் பற்றி நாங்கள் எழுதிய எல்லாம், 168/102 உட்பட, அப்பாவின் கோப்புக்குள் இருந்தது.

எதை மாற்றுவோம்

மகளின் பெயரில் தனிக் கோப்பு எட்டாவது வருகையில் அல்ல, முதல் வருகையிலேயே திறந்திருக்க வேண்டும். இப்போது திறக்கிறோம். நிர்வாகம் இதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. இரட்டை வேலை என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

மருந்துச் சீட்டில் வேளைக்குப் பதிலாக மணியை எழுதச் சொல்கிறோம். முதல் சந்திப்பில் ‘எப்படி இருக்கீங்க’ என்பதற்குப் பதில் ‘நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க’ என்று கேட்கிறோம். குடும்பக் கூட்டத்தை முதல் மாதத்திலேயே வைக்கிறோம், ஆறு வாரம் உதவியாளரை அனுப்பிப் பார்த்துவிட்டு அல்ல. ஆனால் கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத, இருந்தும் வராத வீடுகளில் காவலை யாரிடம் கைமாற்றுவது என்பதற்கு இந்த நிகழ்வில் விடை இல்லை. இப்போது அப்படி இரண்டு வீடுகள் எங்கள் பட்டியலில் இருக்கின்றன.

இறப்புக்குப் பிறகு ஓராண்டு, மூன்று சந்திப்புகள் என்று ஒரு நடைமுறை கொண்டுவந்தோம். முதலில் வந்தவர் இந்த மகள்தான். உள்ளே வந்து, வழக்கம்போல் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கவனித்து, எழுந்து, திருப்பிப் போட்டுக்கொண்டார்.